அண்ணன் எழுதினால் நாவல், தங்கை எழுதினால் வாழ்க்கையா?

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் பத்து வருட இடைவெளியில் ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள். தங்கை பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. இரண்டிலும் அதே தலித் கிறித்தவத் தெரு, பட்டாளத்தில் இருந்த அதே அப்பா, அதே கோயில், படிக்கப்போன இடமெல்லாம் பின்னாலேயே வந்த அதே சாதி. ‘கருக்கு’ நெடுக ‘நான்’ என்று பேசுகிறது. ஆனால் அந்த ‘நான்’ தன் பெயரைச் சொல்வதில்லை; வருடக் கணக்கும் பார்ப்பதில்லை. ஊரைச் சொல்லத் தொடங்கி, வேலையைச் சொல்லி, விளையாட்டைச் சொல்லி, முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. ‘சிலுவைராஜ் சரித்திரம்’ தன் நாயகனை ‘அவன்’ என்கிறது. ஆனால் பிறப்பு, பள்ளி, விடுதி, கல்லூரி, வேலை தேடி அலைவது என்று வரிசை பிசகாமல் போகிறது. ஆசிரியரின் இயற்பெயர் புஷ்பராஜ் என்பது தெரிந்தவர்களுக்குச் சிலுவைராஜ் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

அமைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அண்ணனுடைய புத்தகம்தான் வாழ்க்கை வரலாற்றுக்குக் கிட்ட நிற்கிறது, தங்கையுடையதுதான் கற்பனை எழுத்தின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. வாசகர்களிடம் அவை போய்ச் சேர்ந்த விதம் நேர்மாறு. ‘சிலுவைராஜ்’ நாவலாகப் பேசப்பட்டது. அதன் எள்ளலையும், தன்னையே தள்ளி நிறுத்திப் பார்க்கும் பார்வையையும், மொழியையும் பற்றி விமர்சகர்கள் எழுதினார்கள். ‘கருக்கு’ தலித் தன்வரலாறு ஆனது. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாமா பட்டதைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. அந்த முன்பின் அடுக்கை ஏன் தேர்ந்தார் என்று கேட்டவர்கள் குறைவு. தமிழினி போன்ற ஓர் இலக்கியப் பதிப்பகத்தின் நாவல் வரிசையில் வருவதும், மதுரையில் இயங்கிய ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாக வருவதும் வாசகர் கையில் ஒரே கனமாக இருப்பதில்லை. ‘கருக்கு’வின் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் அறிமுகவுரையோடு வெளியானபோது, தன்வரலாறு என்ற அந்த அடையாளம் கல்லில் வெட்டியதுபோல் ஆகிவிட்டது. அந்த அறிமுகம் பாமாவை உலகுக்குக் கொண்டுபோனது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு பெண், அதுவும் தலித் பெண், தன் அனுபவத்தை எழுதினால் அது ஆவணம் என்றும், படித்த ஆண் எழுதினால் அது படைப்பு என்றும் பிரித்துவைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பிரிவினை புத்தகத்துக்குள் நடப்பதில்லை. அட்டையிலும் முன்பக்கங்களிலும் நடக்கிறது.

புதுப்பட்டிக்காரர்களுக்கு எந்த அடையாளமும் தேவைப்படவில்லை. ஊரைப் பற்றி வெளியே சொல்லிவிட்டாள் என்று கோபப்பட்டார்கள். சில மாதங்கள் பாமாவால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அவர்களே அதைத் தங்கள் கதையாக ஏற்றுக்கொண்டார்கள். தன்கதை எழுதுகிறவருக்கு இரண்டு வகை வாசகர்கள் உண்டு. ஒருவர் ஊர்க்காரர், மற்றவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பின்னட்டையைப் புரட்டிப் பார்க்கும் தூரத்து ஆள். தமிழ்ப் புத்தகம் அச்சாகும் இரு கரைகளை ஒப்பிட்டால், இலங்கைப் புத்தகம் முதலாமவரை நோக்கியும், தமிழ்நாட்டுப் புத்தகம் இரண்டாமவரை நோக்கியும் கட்டப்படுகின்றன. இரு கரைகளின் அட்டையும் முன்னுரையும் வேறாக இருப்பதற்கு எனக்குத் தெரியும் முதற்காரணம் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு நாவலை எடுத்துப் பாருங்கள். கதை தொடங்குமுன் ஒரு சபையே கூடியிருக்கும். முதலில் நூல் விபரம்: ஆசிரியர், முகவரி, அச்சகம், பக்கம், பிரதிகள் 500, விலை. அடுத்தது சமர்ப்பணம், பெரும்பாலும் காலமான தாய் தந்தையருக்கு. பிறகு ஆசியுரை, வாழ்த்துரை, ஒரு பேராசிரியரின் அணிந்துரை, பதிப்புரை, கடைசியில் என்னுரை. பின்னட்டையில் ஆசிரியரின் கடவுச்சீட்டு அளவுப் படம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த உத்தியோகம், எழுதிய நூல்கள் என்று அவரைப் படிப்பித்த ஆசிரியரோ நண்பரோ எழுதிய குறிப்பு. ஆசிரியரின் பெயரிலேயே ஊர் இருப்பதும் உண்டு: நீர்வை பொன்னையன், புலோலியூர் இரத்தினவேலோன். நீர்வை என்று முகப்பில் பார்த்த வாசகர் நீர்வேலியின் ஒழுங்கைகளைக் கதைக்குள் தேடாமல் இருப்பாரா?

இந்த உரைகளை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பதிப்பகங்கள் பெரிதாக வளராத, எழுத்தாளரே காசு போட்டுப் புத்தகம் போட்ட ஒரு நாட்டில் ஆசிரியரை வாசகரிடம் ஒப்படைக்கும் வேலையை அணிந்துரைதான் செய்தது. விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் இளம் எழுத்தாளர்களின் நூல்களுக்கு எழுதியவை பல இடங்களில் முழு விமர்சனக் கட்டுரைகளாகவே நிற்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஒரு சாய்வும் இருந்தது. முற்போக்கு எழுத்தாளர் சங்கம் ஓங்கியிருந்த காலத்து அணிந்துரை, ‘இவர் இன்ன வர்க்கத்தில் பிறந்து இதைப் பட்டவர்’ என்பதை ஒரு தகுதிச் சான்றாக முன்வைத்தது. பட்டதை எழுதியவர் என்பதால் எழுத்து உண்மையானது. உண்மையானது என்பதால் நல்லது. இந்த வழியில் வாசித்துப் பழகிய தலைமுறைக்குக் கற்பனை என்பது குறைச்சலான ஒன்றாகத் தோன்றிவிட்டது.

கே. டானியலை எடுத்துக்கொள்வோம். ‘பஞ்சமர்’ முதலான நாவல்களில் அவர் எழுதியது 1960களின் தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களில் அவரே நின்ற இடங்களைப் பற்றி: சுன்னாகத்தில் 1966 அக்டோபரில் கிளம்பிய ஊர்வலம், தேநீர்க்கடைப் பிரவேசங்கள், மாவிட்டபுரம் கோயில் வாசல். தான் கண்ட, கூடப் பழகிய மனிதர்களையே எழுதுவதாக முன்னுரைகளில் அவர் வற்புறுத்தினார். அந்த வற்புறுத்தலுக்குத் தேவை இருந்தது. யாழ்ப்பாணத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று சாதிக்கிற வாசகரை முன்னுரையிலேயே வழிமறித்தாக வேண்டியிருந்தது. ஆனால் அதனாலேயே டானியலின் கதைசொல்லும் திறமை, ஓர் ஊரின் நான்கைந்து தலைமுறையைக் கையாளும் லாவகம், பேச்சுத் தமிழின் மேல் அவருக்கிருந்த பிடி எல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போயின. போராட்ட ஆவணம் என்று மெச்சியவர்களும் பிரச்சாரம் என்று ஒதுக்கியவர்களும் ஒரே முன்னுரையைத்தான் வாசித்திருந்தார்கள்.

எஸ்.பொ. என்ற எஸ். பொன்னுத்துரையின் வழி வேறு. 1961இல் வந்த ‘தீ’ தன்மையில் சொல்லப்பட்ட, பாலுறவை மறைக்காமல் பேசிய நாவல். எழுதியவர் ஊரறிந்த ஆசிரியர். வாசகர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள், கொதித்தார்கள். எஸ்.பொ. பின்வாங்கவில்லை. தன் நூல்களுக்கு அவர் எழுதிய நீண்ட முன்னீடுகள் கதையின் உண்மைக்குச் சாட்சி தேடுவதை விட்டு, எழுதும் உரிமைக்காகச் சண்டை பிடித்தன. தன் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது ‘வரலாற்றில் வாழ்தல்’ என்று தனியாக எழுதினார். நாவலை நாவலாகவும் வரலாற்றை வரலாறாகவும் வைத்துக்கொண்ட அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வடமராட்சியில் ஒரு வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஏற்புரைக்கு வந்த இளம் நாவலாசிரியர், பாத்திரங்கள் யாவும் கற்பனை என்றார். முன்வரிசையில் இருந்த ஓர் ஐயா எழும்பி, “தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா அந்தக் கிணத்தடிச் சண்டை நடக்கேக்க நானும் அதிலதான் நிண்டனான்” என்றார். மண்டபம் சிரித்தது. ஆசிரியரும் சிரித்துத் தலைகுனிந்தார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் ஒருவரும் அந்த நாவலை நாவலாக வாசித்திருக்க முடியாது. இலங்கையில் முன்னுரை அச்சோடு நிற்பதில்லை. வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, நயவுரை என்று விழா மேடையிலும் தொடர்கிறது. பலர் புத்தகத்தை வாசிக்கும் முன்னரே அதைப் பற்றிய மூன்று பேச்சுகளைக் கேட்டுவிடுகிறார்கள்.

யுத்தம் இந்த வழக்கத்தை முறித்தது. ஊரும் பேரும் பள்ளிக்கூடமும் பின்னட்டையில் போட்ட அதே சமூகத்தில், பெயரைச் சொன்னால் உயிர் போகும் என்ற நிலை வந்தது. 1985இல் வெளியான ‘புதியதோர் உலகம்’ அதன் முதல் பெரிய அடையாளம். ஒரு விடுதலை இயக்கம் தமிழ்நாட்டு மண்ணில் நடத்திய பயிற்சி முகாம்களில் தன் உறுப்பினர்களையே சித்திரவதை செய்து கொன்றதை, அந்த இயக்கத்திலிருந்து தப்பி வெளியேறியவர் எழுதினார். முகப்பில் கோவிந்தன் என்ற புனைபெயர். வெளியிட்டவர்கள், கூடவே வெளியேறிய தீப்பொறிக் குழுவினர். புத்தகத்தின் பேர் பாரதிதாசனிடமிருந்து எடுத்தது. வகை என்று கேட்டால் நாவல். இங்கே ‘நாவல்’ என்ற அடையாளத்துக்கு இருந்த வேலை இலக்கிய அந்தஸ்தோடு சம்பந்தமில்லாதது. பெயர்களை மாற்றி, உயிரோடிருப்பவர்களைக் காப்பாற்றி, நடந்ததை நடந்தபடி சொல்ல அது ஒரு மறைப்பு. வாசித்தவர்கள் எல்லோரும் அதைச் சாட்சியமாகவே வாசித்தார்கள். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று எழுதியவரும் விரும்பியிருப்பார். கோவிந்தன் பின்னாளில் இன்னோர் இயக்கத்தால் பிடிக்கப்பட்டுக் காணாமல் போனார். அதற்குப் பிந்திய வாசகருக்கு முகப்பிலுள்ள அந்தப் பெயர் புனைபெயராகத் தெரிவதில்லை. நடுகல்லில் வெட்டிய பெயராகத் தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் ஒரு கடை முன் கொஞ்ச நேரம் நின்றால் போதும். வருகிறவர் புத்தகத்தை எடுப்பார், முகப்பைப் பார்ப்பார், திருப்பிப் பின்னட்டையை வாசிப்பார், விலை பார்ப்பார், வைப்பார் அல்லது வாங்குவார். முன்னுரைக்கு அங்கே நேரமில்லை. பின்னட்டையின் எட்டுப் பத்து வரிகளைப் பெரும்பாலும் பதிப்பகத்தாரே எழுதுகிறார்கள். முகப்பின் மூலையில் ‘நாவல்’ என்றோ ‘தன்வரலாறு’ என்றோ போடுவதும் அவர்கள்தான். ஆகவே தன்கதை எந்த வகை என்பதை இலங்கையில் அணிந்துரைகாரர் தீர்மானிக்கிறார், தமிழ்நாட்டில் பதிப்பாளர் தீர்மானிக்கிறார். ஜெயகாந்தன் போல முன்னுரையைத் தன் மேடையாக்கி வாசகரோடு நேருக்கு நேர் வாதாடியவர்கள் இருந்தார்கள். அவருடைய முன்னுரைகள் தனிநூலாகவே தொகுக்கப்பட்டன. அந்த மரபு இப்போது மெலிந்துவிட்டது. இரண்டு பக்கத்தில் நன்றி சொல்லி முடிக்கும் முன்னுரையே அதிகம்.

ஆனால் தமிழ்நாடு செய்த ஒன்றை இலங்கை செய்யவில்லை. முன்பக்கங்களின் அதிகாரத்தை எடுத்து விளையாட்டுப் பொருளாக்கியது தமிழ்நாட்டு நாவல். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் க்ரியா வெளியீடாக வந்தபோது, ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் உண்மையிலேயே இருந்தார் என்று நம்பியவர்கள் பலர். பிறந்த வருடம், இறந்த நாள், நாட்குறிப்பு, பின்னிணைப்பில் எழுதிய நூல்களின் விவரம்: ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கு வேண்டிய சகலமும் அதில் இருந்தன, மனிதரைத் தவிர. வாழ்க்கை வரலாற்றின் இந்த அணிகலன்களை மட்டும் வைத்தே ஓர் ஆளை உண்டாக்க முடியும் என்று அது காட்டியது.

இன்னும் ஆழமாகப் போனவர் சிவகாமி. ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. கௌரி என்ற படித்த தலித் பெண்ணின் கண் வழியாகத் தந்தையின் அரசியலையும் வீட்டையும் பார்க்கும் நாவல். பின்னாளில் சிவகாமி அதற்கு ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு பிரதியை எழுதினார். தலைப்பைப் பார்த்தால் முன்னுரை போலத் தோன்றும். உள்ளே கௌரியே அந்த நாவலை எழுதியவளாக ஊருக்குத் திரும்புகிறாள். எதைக் கூட்டினாள், எதை மறைத்தாள், தந்தையை ஏன் அப்படி எழுதினாள் என்று தன் எழுத்தைத் தானே விசாரிக்கிறாள். ஆங்கிலத்தில் 2006இல் இரண்டும் ஒரே நூலாக வந்தன. தன்கதையையும் கற்பனையையும் பிரிக்கும் கோடு எங்கே என்று விமர்சகர் கேட்கும் கேள்வியை, முன்னுரையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு நாவலாசிரியரே கேட்டார். தமிழில் இந்த விஷயத்தில் இதற்கு இணையான முயற்சியை நான் கண்டதில்லை. அதற்குக் கிடைத்த கவனம் மிகவும் குறைவு என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

முன்னுரை ஆபத்தாகவும் முடியும் என்பதைப் பெருமாள்முருகன் விவகாரத்தில் பார்த்தோம். ‘மாதொருபாகன்’ தன்கதை நாவல் அல்ல. ஆனால் திருச்செங்கோட்டைப் பற்றி நிதியுதவி பெற்றுத் தகவல் திரட்டியதை முன்னுரையில் அவர் நேர்மையாகச் சொல்லியிருந்தார். 2014 இறுதியில், ஊரை இழிவுபடுத்திவிட்டதாக நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, ஆய்வு செய்தேன் என்கிறாரே, அப்படியானால் இது கற்பனையாகுமா, ஆதாரம் எங்கே என்று அதையே பிடித்துக்கொண்டார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்றது. ஆனால் முன்னுரையில் ஒரு வரி உண்மை சொன்னால் நாவல் முழுவதற்கும் கணக்குக் கேட்பார்கள் என்ற பயம் எழுத்தாளர்களிடம் தங்கிவிட்டது.

இரு வழக்கங்களும் மோதுவது இலங்கையர் எழுதிச் சென்னையிலும் நாகர்கோவிலிலும் அச்சாகும் புத்தகங்களில். கடந்த இருபத்தைந்து வருட ஈழ நாவல்களில் கணிசமானவை அப்படித்தான் வந்தன. அங்கே ஊர் வாசகர் இல்லை; நந்தனத்துக் கடை முன் நிற்கும் ஆள்தான் இருக்கிறார். அவருக்கு ‘ஈழம்’ என்று ஒரே பார்வையில் புரிய வேண்டும். கருகிய பனை, முள்ளுக்கம்பி, சப்பாத்துக் கால்கள், குழந்தையின் மிரண்ட கண்கள் என்று முகப்புகள் ஒன்றுபோல ஆனதற்குக் காரணம் அதுதான். வன்னிக் காதல் கதைக்கும் அதே முகப்பு, மட்டக்களப்பு நகைச்சுவைக்கும் அதே முகப்பு. அப்படி வாங்கியவர் உள்ளே துயரத்தைத் தேடித்தான் வாசிப்பார். கிடைக்காத இடங்களில் ஏமாறுவார். இந்தப் போக்குக்கு எதிராக நின்றவர்களில் அக்கரைப்பற்றைச் சேர்ந்த கவிஞர் றஷ்மி முக்கியமானவர். காலச்சுவடு உள்ளிட்ட பதிப்பகங்களுக்கு அவர் செய்த முகப்புகள், அந்த நிலத்தை உள்ளிருந்து தெரிந்த ஒருவர் படிமங்களைத் தேர்ந்தால் எப்படி இருக்கும் என்று காட்டின.

அ. முத்துலிங்கம் இந்தச் சிக்கலைத் தலைப்பிலேயே தீர்த்துக்கொண்டார். 2008இல் உயிர்மை வெளியிட்ட அவருடைய நாவலின் பெயர் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’. கொக்குவிலிலிருந்து ஆப்பிரிக்கா வழியாகக் கனடா வரையிலான அவருடைய வாழ்வு அப்படியே தெரிகிறது. கலந்தது எவ்வளவு என்று மட்டும் சொல்வதில்லை.

ஷோபாசக்தி செய்ததுதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. 2001இல் அடையாளம் வெளியிட்ட ‘கொரில்லா’வின் தொடக்கப் பக்கங்களில், பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. கைது, சித்திரவதை, தப்பித்தல் எல்லாம் அதிகாரிக்கு எழுதும் அந்த வறண்ட மொழியில். விண்ணப்பதாரரின் பெயர் அந்தோனிதாசன். ஆசிரியரின் இயற்பெயரும் அந்தோனிதாசன். பக்கத்தின் அடியில், நிஜ மனிதர்களையும் இயக்கங்களையும் விளக்கும் அடிக்குறிப்புகள். முன்னுரை இருக்க வேண்டிய இடத்தில் அவர் விண்ணப்பத்தை வைத்தார். ஓர் ஈழத்தமிழனின் தன்கதை ஐரோப்பாவில் முதலில் வாசிக்கப்படுவது அகதி அலுவலகத்தில். அந்த வாசகரின் முதற் கேள்வி ‘இது உண்மையா?’ என்பது, இல்லை என்று முடிவானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே கேள்வியோடுதான் நாமும் புத்தகத்தைத் திறந்திருக்கிறோம். நாவல் நம்மை அந்த அதிகாரியின் கதிரையில் இருத்திவிட்டுத் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறது.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ புனைகதை அல்ல. தன்வரலாறு என்றே காலச்சுவடு அதை 2016இல் வெளியிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2015 அக்டோபரில், தமிழினி காலமாகியிருந்தார். ஆசிரியர் இல்லாத நிலையில் புத்தகத்தைப் பற்றிய சண்டை முழுவதும் சுற்றுப்பக்கங்களில் நடந்தது: எழுதியது அவர்தானா, யார் திருத்தினார்கள், பின்னட்டைக்கு எதைத் தேர்ந்தார்கள். உள்ளே ஒரு பெண் தான் தலைமை தாங்கிய அரசியலைத் தயக்கத்தோடும் வேதனையோடும் எடைபோடுகிறார். அந்தத் தயக்கத்தை வாசித்தவர்களைவிட அட்டையை வைத்து அவரைத் துரோகி என்றோ மனந்திருந்தியவர் என்றோ முடிவுகட்டியவர்கள் அதிகம். சிங்களத்தில் அது பல பதிப்புகள் கண்டது. அங்கே அது வேறு காரணங்களுக்காக வாசிக்கப்பட்டது.

பதிப்பாளர்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்று இருக்கிறது. மறுபதிப்புச் செய்யும்போது முதற்பதிப்பின் முன்னுரைகளையும் பதிப்புரையையும் எடுத்துவிடுகிறார்கள். இடம் இல்லை, பழசாகிவிட்டது, அணிந்துரைகாரரை இப்போது யாருக்கும் தெரியாது என்று காரணம் சொல்கிறார்கள். டானியல் யாரை நோக்கி அவ்வளவு அழுத்திச் சொன்னார், தீப்பொறிக்காரர்கள் அந்த 1985இல் எந்தப் பயத்தோடு அந்தப் புத்தகத்தை வெளியே விட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன. அவற்றை முன்னால் போட வேண்டாம். வாசகர் நாவலுக்குள் தன் கால்களாலேயே போகட்டும். நாவல் முடிந்த பிறகு, எழுதிய திகதியோடு, முதல் முகப்பின் படத்தோடு, பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். எட்டுப் பக்கம் கூடும். இலங்கைப் பதிப்பாளர்கள் இன்னொன்றும் செய்யலாம்: ஆசியுரைகளைக் குறைத்துவிட்டு, ஆசிரியர் தன் எழுத்தைப் பற்றி, தான் அடுக்கிய முறையைப் பற்றி, விட்டவற்றைப் பற்றிப் பேச அந்த இடத்தைக் கொடுக்கலாம். ‘கருக்கு’ எழுதியவரிடம் நாம் இத்தனை வருடமாகக் கேட்காமல் விட்ட கேள்விகளும் அவைதான்.